நம்ம கிளினிக் ஆட்களுக்கு பிரிட்டன் கணக்கு பொருந்துமா?

கேள்வி – கல்லடி

சலரோக (நீரிழிவு) கிளினிக்குக்கு வருபவர்களின் கொப்பிகளை (பரிசோதனை முடிவுகள் எழுதும் கிளினிக் புத்தகங்களை)ப் பார்த்து (அனுமதியோடு, பெயர் எதுவும் எடுக்காமல்), இன்னும் 20 வருடத்தில் எத்தனை பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, கால் எடுக்கும் நிலை வரும் என்று கணக்கிடப் போகிறேன். யூகேபிடிஎஸ் என்ற பிரிட்டன் நீரிழிவு ஆய்வின் தரவிலிருந்து உருவான, இப்படியான சிக்கல்களைக் கணிக்கும் அவுட்கம்ஸ் மாடலின் இரண்டாம் பதிப்பைப் பாவிக்க யோசனை. ஆனால் முக்கால்வாசிக் கொப்பியில் பாஸ்டிங் சுகர்தான் இருக்கிறது, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எப்போதாவது ஒருமுறை. வருகிற எண்ணை வைத்து டயாலிசிஸ் வசதி எவ்வளவு தேவை என்று சொல்லலாமா?

பதில் – காத்தான்குடி

அப்படியே சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி. அந்த ஆய்வு 1977இல் தொடங்கியது, புதிதாக நோய் கண்ட 5,102 பேர், 25 முதல் 65 வயது வரை, எல்லாரும் பிரிட்டனில் இருந்தவர்கள். தெற்காசியப் பூர்வீகத்தவர் அதில் கொஞ்சம்தான். நம்ம பக்கம் முப்பதுகளிலேயே சீனி வருத்தம் வருகிறது, அப்போ நோயோடு வாழும் வருடமும் கூடும். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்க்க மாடல் உதவும், மொத்த எண்ணிக்கைக்கு உள்ளூர்த் தரவோடு சரிபார்த்தே ஆக வேண்டும். எச்பிஏ1சிக்கு, ஒரு பகுதி ஆட்களுக்காவது இப்போதே பரிசோதனை செய்து, மற்றவர்களுக்கு அதிலிருந்து பல தடவை மதிப்பிட்டு நிரப்புங்கள். இரத்தசோகை உள்ளவர்களைத் தனியாகக் குறியுங்கள், அவர்களின் எச்பிஏ1சி ஏமாற்றும்.

பதில் – அக்கரைப்பற்று

எனக்கு அதைவிடப் பெரிய கவலை கொப்பிதான். கொப்பி நோயாளியின் கையில்தானே இருக்கிறது? இறந்தவரின் கொப்பி கிளினிக்குக்குத் திரும்பி வராது, நடக்க முடியாமல் வீட்டில் கிடப்பவருடையதும் வராது. அப்போ உங்கள் கையில் சேர்வது தப்பியவர்களின் தரவு மட்டும், ஆபத்து குறைவாகத்தான் தெரியும். கிளினிக் பதிவேட்டில் 10 வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களை எடுத்து, மாடலை அங்கிருந்து ஓட்டி, இன்று உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று வீடு வீடாக விசாரித்து ஒப்பிடுங்கள். குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். அப்புறம், தெஹியத்தகண்டிய பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது, வயலில் வெறுங்காலோடு நிற்பதால் கூடும் புண் ஆபத்தும் இருக்கிறது, இந்த இரண்டும் அந்த மாடலுக்குத் தெரியாது.

கல்லடி

பதிவேட்டில் முகவரி இருக்கிறது, நானா. விசாரிப்பதற்குத் தனி நெறிமுறை அனுமதி வேண்டும், முதலில் அதற்கு எழுதுகிறேன். டயாலிசிஸ் கணக்கு அதற்குப் பிறகுதான்.