ப்ளஸ் ஒன் பையனுக்கு ஸ்கூட்டர் சாவி குடுக்கலாமா? வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்காரங்க சொல்லுங்க

வடகரப்பதிக்காரன்:
வணக்கங்க. எம்பட பையன் ப்ளஸ் ஒன் படிக்கறானுங்க, பதினாறு முடிஞ்சு பதினேழு நடக்குது. ஸ்கூலு நம்ம கேரளா பக்கம், ட்யூஷன் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம். சாயந்திரம் போறதுக்கு பஸ்ஸு இருக்குது, ராத்திரி எட்டு மணிக்கு முடிஞ்சு திரும்பி வர்றதுக்குத்தான் ஒண்ணுமில்ல. நான் அந்நேரத்துக்கு தேங்கா லோடு ஏத்தீட்டு இருப்பேன், போயி கூட்டியார முடியாது. அவங்கம்மா பேர்ல ஒரு ஸ்கூட்டர் ஊட்டுல சும்மா நிக்குது, பொள்ளாச்சி ரிஜிஸ்ட்ரேஷன். பையன் தோட்டத்துக்குள்ள ஓட்டிப் பழகினவன், நல்லாவே ஓட்டுவான். என்ற மச்சான் குடுங்க மாமாங்கறான், ஊட்டுக்காரி வேண்டவே வேண்டாங்கறா. சட்டப்படி என்னாகும், நெசத்துல என்னாகும், ரெண்டையும் சொல்லுங்க.

தென்னந்தோப்பு:
குடுங்ணா, இதுக்குப் போயி ஒரு கேள்வியா. நம்மூர்ல எந்தப் பையன் பதினெட்டு வரைக்கும் காத்திருந்தான்? நானெல்லாம் ஒன்பதாவது படிக்கறப்பவே எங்கப்பாவோட மொபெட்ல பால் கேன் கட்டீட்டு சொசைட்டிக்குப் போவேன். ஹெல்மெட் போடச் சொல்லுங்க, மெயின் ரோட்டுல போவாம உள்வழியா போகச் சொல்லுங்க, அவ்வளவுதான்.

கோர்ட்டு குமஸ்தா:
நான் வக்கீல் இல்லீங்க, வக்கீல் ஆபீஸ்ல குமஸ்தா, ஆனா இந்த மாதிரி கேஸ் கட்டுகள தெனமும் தூக்கீட்டு அலையறவன். 2019ல மோட்டார் வாகனச் சட்டத்த திருத்துனப்ப 199ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. பதினெட்டு ஆகாத பையன் வண்டி ஓட்டி மாட்டுனா குத்தவாளி அவங்கப்பன், இல்லாட்டி வண்டி ஓனர். இருபத்தஞ்சாயிரம் ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் போட எடமிருக்கு, வண்டியோட ஆர்சி பன்னெண்டு மாசத்துக்கு கேன்சல், பையனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசன்ஸ் கெடைக்காது. இதுல நெறைய பேருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குது, "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்"னு சொன்னா மட்டும் போதாது. உங்க சம்மதத்தோடதான் ஓட்டுனான்னு கோர்ட்டு மொதல்லயே எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. உங்க விஷயத்துல வண்டி உங்க ஊட்டுக்கார அக்கா பேர்ல இருக்குது, அதனால கூண்டுல ஏறப் போறது வேண்டாம்னு சொல்ற அவங்கதான், குடுக்கச் சொல்ற மச்சான் இல்ல. கேரளா கோர்ட்டுகள்ல இந்த இருபத்தஞ்சாயிரம் ஃபைன் போடறது இப்ப அடிக்கடி பேப்பர்லயே வருது.

தென்னந்தோப்பு:
ஃபைன் ஃபைன்னு பயங்காட்டறதுக்கு ஒரு ஆளு எல்லா எடத்துலயும் வந்துருவாரு. குமஸ்தாண்ணா ஒண்ணு சொல்லுங்க, ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸு விடறதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்குதா? ஸ்டூடண்ட்டுக்கு ஒரு ரூபா கன்செஷன் டிக்கெட்டுங்கறதால பிரைவேட் பஸ்காரன் பசங்கள ஸ்டாப்புல பாத்தாலே கியர மாத்தி இன்னும் வேகமா போறான், அவன் மேல எத்தன கேஸு எழுதுனாங்க? டவுன்ல உக்காந்து சட்டம் போடறவனுக்கு வாசல்ல ஆட்டோ நிக்குது. இங்க பையன் ட்யூஷன் போகலைன்னா அப்பறம் அவனும் நம்மள மாதிரி தேங்கா உரிக்க வேண்டியதுதான். என்ற அக்கா பொண்ணு போன வருஷம் இதே காரணத்துக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங்க பாதியில நிறுத்தீட்டா.

கம்பம்மெட்டு:
தென்னந்தோப்பு அண்ணன் கேக்குறதுல நியாயம் இருக்குண்ணே. எங்க பக்கம் வந்து பாருங்க, வெள்ளன அஞ்சு மணிக்கு கம்பத்துலருந்து குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புல பொம்பளையாளுகள அடைச்சுக் கொண்டுபோறாங்க, பின்னாடி கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டும் போறாங்க. மலைரோடு, கொண்டை ஊசி வளைவு, பனி வேற. செக்போஸ்ட்ல எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்த ஜீப்பு கவுந்தா சீட்டு கணக்குக்கு மேல ஏறுனவங்களுக்கு நஷ்டஈடு வாங்குறதுக்குள்ள அந்தக் குடும்பம் அம்புட்டு பாடுபடணும். அதை விட்டுப்புட்டு ட்யூஷன் போற பயல மட்டும் மடக்குனா கோவம் வரத்தான் செய்யும்.

சார்ஜர்:
எதுக்கு இவ்வளவு சண்ட, ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக் குடுங்க ப்ரோ, லைசன்ஸும் வேண்டாம் ஆர்சியும் வேண்டாம் இன்சூரன்ஸும் வேண்டாம்.

வேலந்தாவளம் அக்கா:
சார்ஜர் தம்பி, அது எல்லா எலக்ட்ரிக் வண்டிக்கும் இல்ல கண்ணு. மோட்டார் 250 வாட்டுக்குள்ள இருக்கணும், வேகம் 25 கிலோமீட்டர தாண்டக் கூடாது, அதுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. எங்க சந்துல ஒருத்தரு அப்படித்தான் வாங்கினாரு, கடைக்காரனே ஒரு ஒயரக் கழட்டி விட்டு "இப்ப நாப்பத்தஞ்சு போகும் சார்"னு குடுத்துட்டான். ஒயரக் கழட்டின அந்த நிமிசத்துல அது மோட்டார் வண்டி ஆயிருச்சு, அதும் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி! ஸ்கூட்டர் குடுக்கறதை விட மோசம். 2023ல கேரளா மோட்டார் வாகனத் துறை, அதான் எம்விடிக்காரங்க ஷோரூமுக்கே போயி சோதனை போட்டு வண்டியப் புடிச்சாங்களே, பேப்பர்ல பாக்கலயா. ஒயரைத் தொடாம நெஜமான 25 வண்டியா வாங்கித் தர்றதா இருந்தா நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரி செக்போஸ்ட் ரோட்டுல பின்னால டாரஸ் லாரி வர்றப்ப இருபத்தஞ்சுல ஊர்ந்துட்டுப் போறது எனக்கு மனசு ஒப்பல, அது என்ற எண்ணம்.

எக்ஸ்எல் பிரியன்:
பதினாறு வயசுல 50 சிசி ஓட்டலாம்னு சட்டத்துலயே இருக்குதே? ஒரு எக்ஸ்எல் வாங்கிக் குடுங்க, வேல முடிஞ்சுது.

கோர்ட்டு குமஸ்தா:
சட்டத்துல இருக்குது, கடையிலதான் இல்ல. இப்ப வர்ற எக்ஸ்எல் நூறு சிசிங்க, சரியாச் சொன்னா 99.7. ஸ்கூட்டரெல்லாம் நூத்திப் பத்து, நூத்தி இருவத்தஞ்சு. பழைய 50 சிசி வண்டிய எங்கயாச்சும் தேடிப் புடிச்சு, எஃப்சி எடுத்து, பையனுக்கு அதுக்குன்னு லைசன்ஸும் எடுத்தா தாராளமா ஓட்டலாம், அப்ப 199ஏ உங்கள ஒண்ணும் பண்ணாது. தேடிப் பாருங்க.

களியக்காவிளை88:
அண்ணே, இதுக்கெல்லாம் இவ்வளவு பயப்படாண்டாம். எங்க பக்கம் நடக்குகத சொல்லுகேன். பையன் எங்கயாவது சின்னதா தட்டிட்டான்னு வச்சுக்கிடுங்க, உடனே அப்பாவோ மாமாவோ போயி நிக்கணும், நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்துட்டா காரியம் முடிஞ்சுது. ஆளுக்கு லைசன்ஸ் உண்டு, வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு, அவனுக்கும் காசு கிடைக்கும், நமக்கும் பிரச்சன இல்ல. ஊருக்குள்ள எல்லாரும் செய்யது தானே.

கோர்ட்டு குமஸ்தா:
களியக்காவிளை அண்ணாச்சி, கைகூப்பிக் கேக்கறேன், இத மட்டும் யாருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க. முன்னால வேணா ஓடிருக்கும். இப்ப ஒவ்வொரு முக்குலயும் ஒரு கடை கேமரா, கேரளா எம்விடி போட்டதே 726 கேமரா, அதுல 675 ஏஐ கேமரா, 2023 ஜூன் 5லருந்து ஃபைன் போடறாங்க. ஹெல்மெட் இல்லாம போன பையன் மொகம் அதுலயே பளிச்சுனு விழுந்து கெடக்கும். 2024 மே மாசம் புனேல பதினேழு வயசுப் பையன் கார் ஓட்டி ரெண்டு பேர் செத்தாங்களே, டிரைவர் மேல பழியப் போடப் பாத்தாங்கன்னு தாத்தாவையே புடிச்சாங்க, ரத்த சாம்பிள் மாத்துன விவகாரத்துல அம்மா அப்பா ரெண்டு பேரும் உள்ள போனாங்க. அவங்ககிட்ட பணம் இருந்துச்சு, அதுக்கே அந்த கதி. உண்மையில ஓட்டுனது யாருன்னு இன்சூரன்ஸ் கம்பெனி தனியா ஆள் விட்டு விசாரிக்கும், அவங்களுக்கு அதுதான் லாபம்.

தென்னந்தோப்பு:
ஆள் மாத்தறத நானும் ஒத்துக்க மாட்டேன், அது வேற. ஆனா குமஸ்தாண்ணா நீங்க ஒரு விஷயத்த மறைக்கறீங்க. ஃபைன் இருபத்தஞ்சாயிரம் ஒரு தடவைதான். ட்யூஷன் நின்னா போறது ஒரு வாழ்க்க. ரெண்டையும் தராசுல வச்சுப் பாத்து ஒரு அப்பன் துணிஞ்சு முடிவு பண்ணினா அதத் தப்புன்னு சொல்ல முடியுமா?

கோர்ட்டு குமஸ்தா:
தராசுல ஃபைன மட்டும் வச்சா நீங்க சொல்றது சரி. நான் வைக்கச் சொல்றது வேற. ஒரு கணக்கு போடறேன், பொறுமையா படிங்க. பையன் இருட்டுல எதிர்ல வந்த ஒரு கொத்தனார இடிச்சுட்டான், அவரு தவறிட்டாருன்னு வச்சுக்கங்க. வயசு முப்பது, மாசம் இருபதாயிரம் சம்பாத்தியம், சம்சாரமும் ரெண்டு கொழந்தைகளும். எம்ஏசிடிங்கற விபத்து நஷ்டஈடு கோர்ட்டுல எப்படி கணக்கு போடுவாங்கன்னா, வருஷத்துக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம், நாப்பது வயசுக்குக் கீழ சொந்தத் தொழில்ங்கறதால வருங்கால வருமானத்துக்கு நாப்பது சதவீதம் சேத்தா மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம், அவரு சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா ரெண்டு லட்சத்து இருபத்தி நாலாயிரம், அந்த வயசுக்கு பெருக்குற எண் 17, ஆக முப்பத்தெட்டு லட்சத்து எட்டாயிரம். அதுக்கு மேல ஈமச்செலவு அது இதுன்னு வரும், வட்டியும் வரும். லைசன்ஸ் எடுக்கவே வயசாகாத பையன் ஓட்டுனான்னா கம்பெனி கைய விரிச்சிரும், இல்லைன்னா கோர்ட்டு கம்பெனிய மொதல்ல கட்டச் சொல்லி, ஓனர்கிட்ட திருப்பி வசூல் பண்ணிக்கோன்னு உத்தரவு போடும். எப்படியும் கடைசில வந்து நிக்கறது வண்டி ஓனரான அவங்க ஊட்டுக்கார அக்கா வாசல்ல. கலெக்டர் மூலமா நிலவரி பாக்கிய வசூலிக்கற மாதிரியே வசூலிப்பாங்க, நம்ம பக்கம் ஆர்ஆர்னு சொல்லுவாங்களே, ஜப்தி, அதேதான். தோட்டம் யாரு பேர்ல இருக்குதுன்னு தென்னந்தோப்பு தம்பியே கேட்டுச் சொல்லட்டும்.

வேலந்தாவளம் அக்கா:
இதோட இன்னொண்ணும். பையனுக்கே ஏதாச்சும் ஆச்சுன்னா? பாலிசியில ஓனர் டிரைவருக்குன்னு பதினஞ்சு லட்சம் போட்டிருக்கறது, லைசன்ஸ் இருக்கற ஓனருக்குத்தான். அவனுக்கு ஒரு பைசா வராது.

எக்ஸ்எல் பிரியன்:
ஆனா தமிழ்நாட்டுப் பக்கம் அடிபட்டா மொத 48 மணி நேரம் ஃப்ரீ ட்ரீட்மென்ட்னு ஒரு ஸ்கீம் இருக்குதே, கேரளாக்காரங்களுக்கும் உண்டு.

வேலந்தாவளம் அக்கா:
இருக்குது சாமி, இன்னுயிர் காப்போம், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்ட யாருக்கும் உண்டு. அதுக்காக போயி விழச் சொல்றயா?

தென்னந்தோப்பு:
சரி, முப்பத்தெட்டு லட்சம். படிச்சுட்டு வயித்தக் கலக்குதுதான். ஆனாலும் குமஸ்தாண்ணா, பதினெட்டு வயசாகி லைசன்ஸ் வாங்கின அன்னிக்கே பைக்க ஒரே சக்கரத்துல ஓட்டறவன் இருக்கான், பதினாறுல அடக்கமா ஓட்டறவனும் இருக்கான். பையன் எப்படின்னு பாக்காம வயச மட்டும் பாக்கற சட்டம் என்ன சட்டம்? எங்கூர்ல பொண்ணு புள்ளைகளுக்கு சைக்கிளே இருட்டுல ஓட்ட வழியில்ல, ரோட்டுல ஒரு லைட்டு கெடையாது. பஞ்சாயத்துல பஸ்ஸு கேட்டு மனு குடுத்து ரெண்டு வருஷமாச்சு. நான் பையனுக்கு சாவி குடுங்கன்னு சொல்றது சட்டம் தெரியாம இல்ல, வேற வழி யாரும் காட்டாததால.

கம்பம்மெட்டு:
மனு நகல் இருந்தா இங்கன போடுங்கண்ணே. எம்எல்ஏ ஆபீஸுக்கு எல்லாரும் ஒரே நாள்ல அனுப்பலாம். சும்மா சட்டத்தத் திட்டுறதுல ஒண்ணும் நடக்காது.

தென்னந்தோப்பு:
போடறேன். ஆனா அது வர்றதுக்குள்ள பையன் டிகிரி முடிச்சிருவான்.

வடகரப்பதிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. குமஸ்தாண்ணன் கணக்க ஊட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன், சாவிய எடுத்து அவளே எங்கயோ வச்சுட்டா, எனக்கே தெரியல. மச்சான் போன் பண்ணி சத்தம் போடறான், போடட்டும். இன்னைக்கு ஒரு ஆட்டோக்காரர்கிட்ட பேசினேன். அதே ட்யூஷனுக்கு நம்ம பக்கத்துலருந்து இன்னும் நாலு பசங்க போறாங்களாம், எல்லாரும் சேந்து மாசத்துக்கு ஒரு தொகை குடுத்தா வர்றேன்ங்கறாரு.

தென்னந்தோப்பு:
அஞ்சு பேரு ஒரு ஆட்டோவுலயா? குமஸ்தாண்ணா வருவாரு பாருங்க.

கோர்ட்டு குமஸ்தா:
வந்துட்டேன். மூணு பேருக்கு மேல ஏத்தக் கூடாது. அதோட கேரளா பெர்மிட் ஆட்டோ செக்போஸ்ட் தாண்டி உள்ள போனா பெர்மிட் கேஸ் வேற, அதுல வண்டியவே நிறுத்தி வச்சிருவாங்க.

வடகரப்பதிக்காரன்:
அதையும் கேட்டுட்டேனுங்க. பசங்க செக்போஸ்ட் வரைக்கும் ஒண்ணா நடந்து வந்துருவாங்க, அது கிட்டத்தான், கடை வெளிச்சம் இருக்குது. ஆட்டோ நம்ம பக்கத்துலயே நிக்கும். ரெண்டு ட்ரிப்பா அடிக்கறேன்னு சொல்றாரு, அதுக்கு இன்னும் ஒரு பையன் சேந்தா காசு கட்டுப்படியாகுமாம். ஒழலப்பதி, எருத்தேம்பதி பக்கத்துலருந்து யாராச்சும் பசங்கள அங்க அனுப்பறீங்களா? இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்.