ஹோர்மோன் ரிப்போர்ட் நோர்மல், ஆனால் பீரியட்ஸுக்கு முந்தின கிழமை ஆளே வேறு. ஏன்?

உப்புவெளிக்காரி:
தங்கச்சிக்கு 27 வயது. பீரியட்ஸுக்கு முந்தின கிழமை கடும் எரிச்சல், அழுகை, நித்திரையின்மை. வந்து இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிடும். லாப்பில் ஈஸ்திரோஜன், புரோஜெஸ்தரோன் இரண்டும் நோர்மல். வீட்டில் "நடிப்பு" என்கிறார்கள். ஹோர்மோன் சரியென்றால் இது எங்கிருந்து வருகிறது?

மஞ்சட்சடலம்:
நோர்மலாகத்தான் வரும். பி.எம்.டி.டி. (பீரியட்ஸுக்கு முன் மனநிலை கடுமையாகக் குலையும் நோய்) உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இரத்தத்தில் ஹோர்மோன் அளவு ஏறக்குறைய ஒன்றே. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் லியூப்ரோலைட் ஊசியால் சூலகத்தை ஓயவைத்தார்கள். பலருக்கு அறிகுறி குறைந்தது. குறைந்தவர்களுக்கு ஈஸ்திரோஜனையோ புரோஜெஸ்தரோனையோ திருப்பிக் கொடுத்ததும் மனநிலை மறுபடி குலைந்தது. இந்தப் பிரச்சினையே இல்லாத பெண்களுக்கு அதையே கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் நடிப்பு என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சூல் வெளியேறியபின் சூலகத்தில் அந்த இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலம் புரோஜெஸ்தரோனைச் சுரக்கிறது. அதன் ஒரு பகுதி மூளையில் அலோபிரெக்னனொலோன் என்ற பொருளாக மாறி, நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா வாங்கிகளில் ஒட்டும். வழமையாக அது அமைதிப்படுத்துகிற பொருள். இவர்களுக்கு அந்த வாங்கிகள் அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்வதில்லை என்பதுதான் இப்போது வலுவான விளக்கம். அமைதிக்குப் பதில் எரிச்சலும் பதற்றமும் வருகிறது. கடைசி நாட்களில் ஈஸ்திரோஜன் இறங்க, மனநிலையைச் சீராக்கும் மூளை இரசாயனமான செரோடோனினும் தளரும். மரபணுப் பங்கும் உண்டு: உயிரணுக்கள் இந்த ஹோர்மோன்களுக்கு எப்படி எதிர்வினை காட்டும் என்பதை நடத்தும் ஒரு மரபணுக் கூட்டத்தில் வேறுபாடு இருப்பதை 2017இல் காட்டினார்கள்.

21ஆம் நாள் புரோஜெஸ்தரோன் டெஸ்ட் சூல் வெளியேறியதா என்று மட்டுமே சொல்லும். இதற்காக மறுபடி காசு கட்ட வேண்டாம்.

மருந்துக்கொப்பி:
காசு கட்டுவதென்றால் தைரொயிட்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் கட்டுங்கள். களைப்பும் எரிச்சலும் அங்கிருந்தும் வரும். மற்றபடி கொப்பிதான் டெஸ்ட். தினமும் இரவில், கோபம், அழுகை, பதற்றம், நித்திரை, உடல் வீக்கம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளி, இரண்டு மாதவிடாய்ச் சக்கரத்துக்கு. மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினால் பிழைக்கும். பீரியட்ஸ் முடிந்த கிழமையிலும் புள்ளி இறங்கவில்லையா? அப்படியானால் வேறொரு மனச்சோர்வோ பதற்ற நோயோ இந்த நாட்களில் கூடுகிறது; வைத்தியம் மாறும்.

புளுவொக்செட்டின் 20 மி.கி., செர்ட்ரலின் 50 மி.கி. போன்ற செரோடோனின் மருந்துகள் மனச்சோர்வில் வேலைசெய்யக் கிழமைக்கணக்கில் எடுக்கும், இதற்குச் சில நாட்களிலேயே பிடிக்கும். அதனால் அடுத்த பீரியட்ஸுக்கு 14 நாள் முன் தொடங்கி, வந்ததும் நிறுத்துகிற முறையும் உண்டு. சக்கரம் ஒழுங்கில்லாதவர்களுக்கு அந்த 14 நாள் கணக்கு தவறும். அவர்களுக்குத் தொடர்ந்து எடுப்பதே நல்லது. டொக்டர் எழுதாமல் பார்மசியில் வாங்காதீர்கள். லேசான அறிகுறிக்குக் கல்சியம் நாளுக்கு மொத்தம் 1200 மி.கி., உணவில் கிடைப்பதையும் சேர்த்து. பி6 விற்றமினை அளவுமீறி நெடுங்காலம் எடுத்தால் கால் விறைக்கும்.

உப்புவெளிக்காரி:
நன்றி இருவருக்கும். கருத்தடைக் குளிசை உதவுமா? இங்கே எங்கே காட்டுவது?

மஞ்சட்சடலம்:
எல்லாக் குளிசையும் இல்லை. திரொஸ்பிரெனோன் என்ற செயற்கை ஹோர்மோன் கலந்தது, 24 நாள் மருந்து, 4 நாள் வெறும் குளிசை என்ற வகைக்குத்தான் ஆதாரம். புரோஜெஸ்தரோன் வகை மட்டும் உள்ள ஊசியோ குளிசையோ சிலருக்கு நிலையை இன்னும் மோசமாக்கும். ஒற்றைத்தலைவலி, புகைத்தல், இரத்தக்கட்டு வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

திருகோணமலை பொது வைத்தியசாலை ஓபிடியில் கொப்பியைக் காட்டி, மகளிர் நோய் அல்லது மனநலக் கிளினிக்குக் கடிதம் கேளுங்கள். சாக வேண்டும் போல் பேசினால் இரண்டு சக்கரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே கூட்டிப் போங்கள், அல்லது மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.