பேராயர் கால்டுவெல்லும் எங்கள் ஊர் எலைசாவும்

நாகர்கோவிலிலிருந்து:

சென்ற மாதம் அஞ்சுகிராமம் வழியாகத் திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்குப் போயிருந்தேன். பேராயர் கால்டுவெல் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஆலயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கால ஆசை. 1841இல் அந்தச் செம்மணல் காட்டுக்கு வந்தவர், ஊரைத் திருத்தி, பள்ளிக்கூடம் வைத்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் வெளியிட்டார். 1877இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1891இல் கொடைக்கானலில் இறந்தார்; உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்தார்கள்.

ஆனால் எனக்கு அங்கே நினைவெல்லாம் எலைசா அம்மாவைப் பற்றித்தான். அவர் நம் நாகர்கோவிலில் ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷனரி மால்ட் ஐயரின் மகள். 1844இல் கால்டுவெல்லை மணந்தவர். தாய் மார்த்தா மால்ட் இங்கே தொடங்கிய லேஸ் பின்னலை மகள் இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட ஊர் நம் நாகர்கோவில். அந்தக் கைவேலை மணமகளோடு இடையன்குடிக்கும் போயிருக்கிறது.

என் பாட்டியும் லேஸ் பின்னியவர். உருண்டைத் தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை இடமும் வலமுமாக மாற்றிப் போடுவார். அவை ஒன்றோடொன்று தட்டும் சத்தத்தில்தான் நான் மத்தியானம் தூங்குவேன். ஒரு விரல் நீளம் பின்ன அரை நாள் ஆகும். பேராயரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எலைசாவுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

மயிலாடியிலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தபோது எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர்தான், பிறகுதான் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார் என்று அவர் உடனே சொன்னார். மாமனார் மால்ட் கடைசிவரை எல்.எம்.எஸ்.தான். ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு சபை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான் இரண்டும் ஒன்றாயின. அப்பா இன்றும் எங்கள் கோயிலை எல்.எம்.எஸ். கோயில் என்றே சொல்கிறார். பாட்டி பின்னிய லேஸ் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா?

நாகர்கோவிலிலிருந்து:

இருக்கிறது, தம்பி. சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் என் திடப்படுத்தல் ஆராதனைக்குத் தைத்த வெள்ளைப் பாவாடையின் ஓரத்தில். நூல் பழுப்பேறிவிட்டது, ஒரு கண்ணிகூட அவிழவில்லை.