அறிவியல் சாரைப் பற்றி உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள்

2004, ஒன்பதாம் வகுப்பு

சார் போன மாதம் தவறிவிட்டார். தென்காசிப் பக்கம் எங்கள் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் எடுத்தவர். செய்தி கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது 2004 ஜூன் 8. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்துபோன நாள். அதற்கு முந்தையது 1882-ல் நடந்தது, உயிரோடு இருக்கிற ஒருத்தரும் இதைப் பார்த்ததில்லை என்று பள்ளி திறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் ஜூன் எங்கள் ஊரில் சாரல் காலம். காலை பத்தே முக்கால் வாக்கில் தொடங்க வேண்டியது, வானம் முழுக்க மேகம். மைதானத்தில் ஸ்டூல்மேல் பைனாகுலரைக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு பக்கக் குழலைத் துணியால் அடைத்து, மறு குழலுக்கு எதிரே வெள்ளை சார்ட் அட்டையை வைத்திருந்தார். "எவனாவது அதுல கண்ணை வச்சான்னா காலை ஒடிச்சிருவேன்" என்று மிரட்டல் வேறு.

காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பிரெஞ்சுக்காரர் கதையைச் சொன்னார். பெயர் லெ ஜென்டில். எங்களுக்கு அவர் செந்தில். வெள்ளி கடப்பதைப் பல ஊர்களிலிருந்து பார்த்து அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். அதற்காக 1760-ல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார் மனுஷன். வந்து சேர்வதற்குள் ஊரை இங்கிலீஷ்காரன் பிடித்துவிட்டான். 1761-ல் கடப்பு நடந்தபோது இவர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் என்னத்தை அளக்க? சரி, அடுத்தது 1769-ல் வருகிறதே என்று எட்டு வருடம் இந்தப் பக்கமே இருந்துவிட்டார். புதுச்சேரியிலேயே ஆய்வுக்கூடம் கட்டினார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால், இவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி சொத்தைப் பிரிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது.

கதை முடிந்தும் வெயில் வரவில்லை. மதியச் சாப்பாடு முடித்து, பாதிப் பேர் வகுப்புக்குப் போன பிறகு, மூன்று மணி சுமாருக்கு மேகம் விலகியது. அட்டையில் அப்பளம் போலச் சூரியன். அதில் ஒரு கடுகு.

"இவ்வளவுதானா சார்?" என்று கேட்டது நான்தான். அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் "இவ்வளவுதாம்ல" என்றார்.

1995, பத்தாம் வகுப்பு

தம்பி, எங்கள் காலத்துக் கதை பிள்ளையார் பால் குடித்தது. 1995 செப்டம்பர் 21. நாடே ஸ்பூனும் கையுமாகக் கோயிலில் நின்றது. எங்கள் பாட்டியும் போனாள். மறுநாள் சார் தலைமை ஆசிரியர் மேசையில் இருந்த வெள்ளைக் காந்தி சிலையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். ஸ்பூனில் தளும்பத் தளும்பப் பால் எடுத்து உதட்டோரம் வைத்தார். காந்தியும் குடித்தார்! வகுப்பே கத்தியது. அடுத்த ஸ்பூனில் ரெண்டு சொட்டு நீல மை. இப்போது தெரிந்தது, பால் போகிற வழி. தாடையில் இறங்கி, நெஞ்சு வழியாக மேசைக்கு. பரப்பு இழுவிசை பாலைச் சிலையோடு சேர்க்கிறது, அப்புறம் புவியீர்ப்பு கீழே இழுத்துக்கொள்கிறது. வெள்ளைச் சிலையில் வெள்ளைப் பால் ஓடினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

சாமி இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்த ஞாபகம் எனக்குக் கிடையாது. காந்தியின் மூக்கடியில் அந்த நீலம் கடைசிவரை போகவில்லை, அதற்குத் தலைமை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

2001, பத்தாம் வகுப்பு

எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். சார் போர்ஷன் முடிக்க மாட்டார், அதையும் சொல்ல வேண்டும். படிகாரக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டுப் படிகம் வளர்க்கிறோம் என்று ரெண்டு வாரம் போனது. கடைசி மூன்று பாடத்தை மாலை ஸ்பெஷல் கிளாஸில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார். பப்ளிக்கில் அதிலிருந்துதான் பெரிய கேள்விகள் வந்தன. எனக்கு 58. அப்பா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் படிகாரக் கட்டி அம்மா வீட்டு அலமாரியில் கிடக்கிறது, எலுமிச்சம்பழ அளவில்.

கூட வேலை பார்த்த தமிழ் டீச்சர்

டெஸ்ட் டியூப் உடைந்தால் பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார். உடைசல் ரெஜிஸ்டரில் தன் பெயரை எழுதிப் பணத்தைக் கட்டிவிடுவார். ஒரு வருடம் அவர் பெயரில் பதினேழு. "என்ன சார், கை நடுங்குதா?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர், வயசாச்சுல்லா" என்றார். அப்போது அவருக்கு நாற்பதுகூட இருக்காது.

அடுத்த வீட்டுக்காரன்

நான் அவரிடம் படித்ததில்லை. ரிட்டயர் ஆகி அடுத்த வீட்டுக்கு வந்தபோதுதான் பழக்கம். 2012 ஜூன் 6 விடியக்காலை கதவைத் தட்டி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மறுபடியும் வெள்ளி. இதை விட்டால் 2117-ல்தான் என்றார். அதே பைனாகுலர், அதே மாதிரி ஸ்டூல். சூரியன் உதிக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும், பத்தே கால் சுமாருக்கு மொத்தமும் முடிந்துவிடும் என்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் அசையவே இல்லை. நடுவில் தூறல் வேறு, பைனாகுலர்மேல் துண்டைப் போட்டுவிட்டு அவர் நனைந்தார்.

பத்தரைக்குக் கயிற்றை அவிழ்த்தார். "முடிஞ்சிருக்கும். வாங்க, இட்லி ஆறிரும்."