விட்ட பிறகு திசை திருத்தும் குண்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போர் விமானமோ ட்ரோனோ விட்ட பிறகும் தன் போக்கை மாற்றிக்கொண்டு இலக்கை அடைகிற குண்டுக்குச் சென்ற வாரம் முதல் நம் கலைச்சொல் மடற்குழுவில் நான்கு பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அறிவார்ந்த குண்டு, துல்லியக் குண்டு, வழிகாட்டி குண்டு, நெறிப்படு குண்டு என்பன அவை. முன்வைத்த நால்வர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நான்கில் எதையும் அகராதியில் சேர்க்கக் கூடாது என்றே கருதுகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பெயரைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் பேவ்வே என்பது தனியாக வார்க்கப்பட்ட குண்டு அன்று. வழக்கமான இரும்புக் குண்டின் மூக்கில் ஓர் உணரியையும் சிறு துடுப்புகளையும், வாலில் இறக்கைகளையும் பொருத்திவிட்டால் அதுவே பேவ்வே ஆகிவிடும். குண்டை விட்ட விமானமோ, வேறொரு விமானமோ, தரையில் ஒளிந்திருக்கும் வீரரோ இலக்கின் மீது லேசர் கதிரைப் பாய்ச்சுவார்கள். அங்கிருந்து சிதறி வரும் ஒளியை, நான்கு கூறுகளாகப் பகுக்கப்பட்ட உணரி வாங்கிக்கொள்ளும். எந்தக் கூறில் ஒளி மிகுதியாக விழுகிறதோ அந்தப் பக்கம் குண்டு திரும்ப வேண்டும் என்பது பொருள். கதிரின் துடிப்புக்கு முன்கூட்டியே ஒரு குறியெண் வைத்திருப்பதால், பக்கத்தில் வேறொருவர் பாய்ச்சும் ஒளியை நோக்கி அது போகாது. முதல் இரு தலைமுறைகளில் துடுப்புக்கு இடைப்பட்ட அளவு என்பதே கிடையாது, திரும்பினால் முழுமையாகத் திரும்பும். அதனால் குண்டு இங்கும் அங்குமாக மாறி மாறித் திருத்திக்கொண்டே இறங்கும். மூன்றாம் தலைமுறையில்தான் பிழையின் அளவுக்கு ஏற்பத் துடுப்பு அசையும் முறை வந்தது.

ஜேடாம் என்பதோ வேறு வகை. அதற்குக் கண்ணே இல்லை. அதே இரும்புக் குண்டின் வாலைக் கழற்றிவிட்டு, தன் அசைவைத் தானே அளக்கும் நிலைம உணரிகளும் ஜிபிஎஸ் வாங்கியும் அசையும் துடுப்புகளும் கொண்ட புது வாலை மாட்டுகிறார்கள். இலக்கு எங்கே என்று அது பார்ப்பதில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட ஆயத்தொலைவுகளுக்குப் போய்ச் சேர்வது மட்டுமே அதன் வேலை. 1999 இல் யூகோஸ்லாவியா மீது அமெரிக்காவின் பி-2 விமானங்கள் அதை முதன்முதலாகப் போரில் பயன்படுத்தின.

இவ்விரண்டுக்கும் பொதுவானது எது? ஒளியும் அன்று, செயற்கைக்கோளும் அன்று. விட்ட பிறகு பிழை அளக்கப்படுகிறது, அளந்த பிழைக்கு ஏற்பத் திசை மாற்றப்படுகிறது, இலக்கை அடையும்வரை இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. நம் பெயர் இந்தச் செயலைச் சொன்னால் போதும், அதற்கு மேல் எதையும் சொல்லக் கூடாது.

அறிவார்ந்த, துல்லிய என்னும் இரண்டும் அதற்கு மேல் சொல்கின்றன. 1999 மே 7 இரவு பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மீது ஐந்து ஜேடாம் குண்டுகள் விழுந்து, சீனச் செய்தியாளர்கள் மூவர் இறந்தார்கள். குண்டுகளில் கோளாறு ஏதும் இல்லை. அவற்றிடம் சொல்லப்பட்ட இடத்திலேயே அவை விழுந்தன. யூகோஸ்லாவிய அரசின் படைத்தளவாடக் கொள்முதல் அலுவலகம் என்று எண்ணி அமெரிக்க உளவுத் துறை குறித்துக்கொடுத்த இடம்தான் தவறு. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தைத் துளைத்த இரண்டு லேசர் குண்டுகளும் குறி பிசகவில்லை. உள்ளே இருந்த நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். இவற்றைத் தமிழில் எழுத நேரும் ஒருவர் ‘துல்லியக் குண்டுகள் தூதரகத்தைத் தாக்கின’ என்றோ ‘அறிவார்ந்த குண்டுகள் பதுங்கிடத்தைத் தாக்கின’ என்றோ எழுதும்படி நாம் வைத்துவிடக் கூடாது. துல்லியம் என்பது தாக்குதல் முடிந்த பின் அளந்து சொல்ல வேண்டிய முடிவு. அதைப் பெயருக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டால், குண்டைச் செய்து விற்பவரின் விளம்பரத்தை நாமே எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

இதே வாதத்துக்கு மறுபக்கச் சான்றும் உண்டு. வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை 1965 ஏப்ரல் 3 அன்று அமெரிக்க விமானங்கள் தாக்கியபோது, விமானி கைப்பிடியை அசைத்து வானொலி ஆணையால் திருப்பும் புல்பப் ஏவுகணைகளையும் பயன்படுத்தினார்கள். அவை பாலத்தில் பட்டும் பாலம் அசையவில்லை, ஏனெனில் அவற்றின் வெடிதலை சிறியது. ஏழு ஆண்டுகளாக எத்தனையோ தாக்குதல்களைத் தாங்கி நின்ற அந்தப் பாலத்தின் மேற்குப் பகுதியை, 1972 மே 13 அன்று லேசர் குண்டுகள் பெயர்த்தன. ஆக, விட்ட பின் திருப்ப முடிவது ஒன்று, குறியில் படுவது ஒன்று, அதனால் பயன் விளைவது இன்னொன்று. மூன்றையும் ஒரே சொல்லில் குழைக்க வேண்டாம்.

வழிகாட்டி குண்டு என்பதில் இலக்கணமே இடறுகிறது. வழிகாட்டி என்பது வழியைக் காட்டுபவரின் பெயர். இங்கே குண்டு யாருக்கும் வழி காட்டவில்லை. ‘வழிகாட்டு குண்டு’ என்று வினைத்தொகையாக்கினால், குடிநீர் என்பது குடிக்கப்படும் நீர் ஆவதுபோல இதுவும் வழிகாட்டப்படும் குண்டு ஆகலாமே என்று நண்பர் கேட்டார். ஆகலாம். ஆனால் நீர் எதையும் குடிக்காது என்பதால் குடிநீரில் குழப்பம் இல்லை, காட்டுதலுக்கோ காட்டுபவர் எவர் என்ற கேள்வி உடனே எழுகிறது. ஜேடாம் குண்டுக்கு வெளியிலிருந்து வழி காட்டுபவர் என்று எவரும் இல்லை.

நெறிப்படு என்பதை மிகுந்த தயக்கத்தோடு மறுக்கிறேன். நெறி என்பது பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று நெறி என்றால் காதில் விழுவது ஒழுக்கம். அந்த மணம் குண்டின் மீது ஏறக் கூடாது. அப்படியானால் வழிப்படு என்று வைக்கலாமே என்பவர்கள், புறநானூற்றின் 192 ஆம் பாடலில் வரும் ‘நீர்வழிப் படூஉம் புணை’ என்ற தொடரை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்தப் புணை, அதாவது தெப்பம், ஆறு இழுத்த பக்கம் போகிறது. வழிப்படுதல் என்பது அங்கே தன் போக்கை மாற்ற இயலாத நிலையைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான பொருள்.

ஆகவே என் பரிந்துரை ‘வழிதிருத்து குண்டு’ என்பதாகும். இதில் செயல் குண்டினுடையது, சொல்லப்படும் செயலும் மெய்யானது. இப்படிச் சிந்தித்தவர்கள் நாம் மட்டும் அல்லர். உருசியர்கள் தங்கள் காப்-500 வகைக்கு வைத்திருக்கும் பெயரின் விரிவே ‘திருத்தப்படும் வான்குண்டு’ என்பதுதான். உக்ரைன் போரில் ஃபாப் என்னும் பழைய சாதாரணக் குண்டுகளுக்கு அவர்கள் மாட்டும் இறக்கைத் தொகுதியின் பெயரிலும் திருத்தம் என்ற சொல் இருக்கிறது. துருக்கியரோ தங்கள் ட்ரோன்கள் சுமக்கும் மாம் வகைச் சிறு குண்டுகளை அறிவுள்ளவை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நாம் உருசியர் வழியைக் கொள்வது நல்லது.

அன்புடன்,
சொல்லை முன்வைப்பவன்

•

வணக்கம் ஐயா.

தங்கள் மடலை இருமுறை வாசித்தேன். துல்லியம், அறிவு ஆகிய சொற்களை விலக்கியதற்கு நன்றி. இலங்கையின் வன்னியில் வளர்ந்தவள் என்ற முறையில் அந்த நன்றி சற்றுக் கூடுதலானது. எங்களுக்கு இந்தச் சொற்கள் அகராதியிலிருந்து வந்தவை அல்ல. பீரங்கியிலிருந்து வருவது எறிகணை. மேலே நின்று இரைந்துகொண்டிருந்த வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர். குண்டு போடும் விமானம் எதுவாயினும் கிபிர் என்றோம், அது ஒரு விமான வகையின் பெயர் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. புதுச் சொல் ஆக்கும்போது எறிகணை என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து வேறு பொருளுக்கு எடுத்துவிடாதீர்கள். அது எங்களிடம் உறுதியாக ஒரே பொருளில் வழங்குகிறது.

தங்கள் பரிந்துரையில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. நெறியில் ஒழுக்கத்தின் மணம் உண்டு என்றீர்கள். திருத்து என்பதில் அது இல்லையா? திருந்தியவன், திருத்தி எடுத்தார்கள் என்றெல்லாம் சொல்கிறோமே. இரண்டாவது தடை எளியது, ஆனால் வலியது. வழி திருத்துதல் என்றால் எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு பாதையைச் செப்பனிடுவதுதான். பாலத்தையும் பாதையையும் உடைக்கும் ஒன்றுக்கு அப்படி ஒரு பெயர் அமைந்துவிடக் கூடாது.

இன்னொன்று. நிலைம உணரி என்று எழுதியிருந்தீர்கள். இலங்கைப் பாடநூல்களில் அது சடத்துவம். இரண்டையும் பதிவில் காட்டினால் எங்கள் மாணவர்களுக்கும் பயன்படும்.

நன்றி.

•

அன்புள்ள தோழி அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

முதல் தடையைப் பற்றி எண்ணிப் பார்த்தேன். திருத்துதலில் ஒழுக்கப் பொருள் வருவது செயப்படுபொருள் மனிதராக இருக்கும்போதுதான். நிலம் திருத்துகிறோம், முடி திருத்துகிறோம், அச்சுப் பிழை திருத்துகிறோம். இவற்றில் எவரும் ஒழுக்கத்தை நினைப்பதில்லை. ஆகவே திருத்து என்ற வினையை விட மனம் இல்லை.

இரண்டாம் தடைக்கு என்னிடம் பதில் இல்லை, தாங்கள் சொல்வதே சரி. வழி என்பது தரையில் கிடப்பது, அதைத் திருத்தினால் சாலைப்பணிதான். காற்றில் விழும் குண்டுக்கு வழி என்று ஒன்று இல்லை, நோக்கிய திசை மட்டுமே உண்டு. துடுப்பு மாற்றுவதும் அதைத்தான். எனவே வழியை நீக்கித் ‘திசைதிருத்து குண்டு’ என மாற்றுகிறேன். திசைதிருப்பு என்பது கவனத்தைக் கலைத்தல் என்ற பொருளில் வழங்குவதால் திருப்பு வேண்டாம், திருத்து என்பதே இருக்கட்டும். வினைத்தொகை என்பதால் ஏவுகணையைப் போலவே இங்கும் வல்லினம் மிகாது.

இதை முன்னொட்டாகக் கொண்டால் குடும்பம் முழுவதும் தடையின்றி அமைகிறது. பீரங்கியிலிருந்து சுடப்பட்டுப் பறக்கையில் திரும்புவது திசைதிருத்து எறிகணை, தாங்கள் காக்கச் சொன்ன பொருளிலேயே. இயந்திர விசையுடன் செல்லும் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டில் லேசர் உணரியைப் பொருத்தினால் அது திசைதிருத்து ராக்கெட். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகத் திசைதிருத்து படைக்கலம் போதும். வாலில் மாட்டும் தொகுதி திசைதிருத்து வால். எதுவும் பொருத்தாத பழைய இரும்புக் குண்டுக்கு வெறுங்கை, வெறுங்கால் என்பவற்றின் வழியில் வெறுங்குண்டு என்று வைக்கலாம். லேசரை லேசர் என்றே விட்டுவிடுவோம். ஆனால் செய்தித்தாள்களின் ‘லேசர் குண்டு’ என்பது லேசரே வெடிப்பதுபோல் மயக்கம் தருகிறது. என் சென்ற மடலிலும் அதையே எழுதிவிட்டேன். அகராதியில் ‘லேசர்சுட்டு குண்டு’ என்று பதியலாம், ஏனெனில் கதிர் இலக்கைச் சுட்டுகிறது. 1999 ஜூன் 24 அன்று கார்கில் போரில் டைகர் ஹில் மீது மிராஜ் விமானங்கள் வீசியவை இவ்வகையே.

இயந்திரம் இன்றிச் சிறகை விரித்துக் காற்றில் நெடுந்தொலைவு செல்லும் வகைக்குச் சறுக்கு குண்டு என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. சறுக்கினான் என்றால் தவறி விழுந்தான் என்பதே நம் வழக்கு. மிதவைக் குண்டு என்றால் நீரில் மிதக்கும் கண்ணி நினைவுக்கு வரும். இந்தியாவின் கௌரவ், 2024 ஆகஸ்ட் 13 அன்று ஒடிசா கடற்பகுதியில் சுகோய்-30 விமானத்திலிருந்து சோதிக்கப்பட்ட 1000 கிலோ எடையுள்ள குண்டு, சிறகு கொண்டது. 2025 ஏப்ரல் சோதனைகளில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றது. அதன் உடன்பிறப்பான கௌதம் சிறகற்றது. இரண்டும் திசைதிருத்து குண்டுகளே, வேறுபாடு சிறகில் இருக்கிறது. எனவே கௌரவைச் சிறகுக் குண்டு என்பது பொருத்தம்.

வானில் நெடுநேரம் சுற்றி நின்று, இலக்கு தென்பட்டதும் அதன் மீது பாய்ந்து தானும் வெடிக்கும் ஹாரோப் போன்றவற்றைத் தற்கொலை ட்ரோன் என்று எழுதுகிறார்கள். உயிரற்ற ஒன்றுக்குத் தற்கொலை இல்லை. பருந்தின் செயலைக் கொண்டு வட்டமிடு கணை என்பது என் கருத்து. வேறு நல்ல சொல் இருந்தால் ஏற்பேன்.

பிழையின் அளவைக் குறிக்கும் சொல்லில்தான் எனக்கு மிகுந்த அக்கறை. ஜேடாம் குண்டுக்கு வகுக்கப்பட்ட அளவு 13 மீட்டர், செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காமல் நிலைம உணரியை மட்டும் நம்பினால் 30 மீட்டர் என்று படிக்கிறோம். இதைத் தமிழில் ‘13 மீட்டருக்குள் தாக்கும்’ என்று எழுதுகிறார்கள். அது பிழையான செய்தி. அந்த ஆரமுள்ள வட்டத்துக்குள் பாதிக் குண்டுகள் விழும், மீதிப் பாதி அதற்கு வெளியே விழும் என்பதே அந்த எண்ணின் பொருள். குறி தவறுவதற்குத் தமிழில் பிழைத்தல் என்ற வினை பழமையானது. யானை பிழைத்த வேல் என்று குறள் 772 சொல்கிறது. எனவே பிழைவட்டம் என்று வைத்து, விளக்கத்தில் ‘நூறு விட்டால் ஐம்பது இதற்கு வெளியே விழும்’ என்ற வரியையும் கட்டாயம் சேர்க்க வேண்டுகிறேன். உக்ரைனில் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் குலைக்கப்பட்டுக் குண்டுகள் எங்கெங்கோ விழும் செய்திகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு அந்த வரி இன்றியமையாதது.

நிலைமம், சடத்துவம் இரண்டையும் ஒரே பதிவில் சம நிலையில் காட்டுகிறேன். வண்டு என்ற சொல்லையும் வன்னி வழக்கு என்ற குறிப்புடன் ட்ரோன் பதிவில் சேர்க்க விரும்புகிறேன். அதைப் பொதுவாக எல்லா ட்ரோன்களுக்கும் சொன்னார்களா, வேவு பார்ப்பவற்றுக்கு மட்டுமா என்பதைத் தோழி தெரிவித்தால் பொருளைச் சரியாக எழுதிவிடலாம்.

அன்புடன்,
சொல்லை முன்வைப்பவன்