ஹட்ச் நிரப்பலுக்குத் தமிழ்: அவசரம்

வணக்கம். உயர்தர ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) பிள்ளையளுக்கு பைதன் கைந்நூல் ஒண்டு செய்யிறம், திங்கட்கிழமை அச்சுக்குப் போகோணும். மாட்பிளாட்லிப் எண்ட பைதன் வரைபு நிரலகத்திலை சலாகை வரைபு (பார் சாட்) கீறுற பாடம், காலபோக நெல்லைப் பச்சையிலையும் சிறுபோகத்தைச் சிவப்பிலையும் போட்டம், போட்டோக்கொப்பி அடிச்சா ரெண்டும் ஒரே சாம்பல். அதாலைதான் ஹட்ச், அதாவது சலாகைக்குள்ளை கோடு, புள்ளி போலை அடையாளங்களை நிரப்புறது. '/' குடுத்தா சாய்கோடு, '//' எண்டு ரெண்டு தரம் குடுத்தா கோடு நெருக்கமாகும். ஹட்சுக்குத் தமிழிலை "வரிநிரப்பு" எண்டு எழுதி வச்சிருக்கிறன், சரியோ?

மறுமொழி:
தம்பி, வரி நல்ல பழஞ்சொல், பெரும்பாணாற்றுப்படையிலை "வரிப்புற அணில்" கிடக்கு, வரிப்புலி, வரிக்குதிரை எல்லாம் அந்தக் கோடுதான். ஆனா புள்ளி, வட்டம், நட்சத்திரமும் ஹட்சிலை வருகுதே, அதெல்லாம் வரிக்குள்ளை எப்பிடி அடங்கும்? "பொறி"யை எடுங்கோ, புள்ளிக்கும் பொறி, கோட்டுக்கும் பொறி. பொறிநிரப்பு. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலை அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலையே மருத்துவத்தைத் தமிழிலை படிப்பிச்சவர், நாங்கள் ஒரு கோட்டுக்குச் சொல் இல்லாமல் நிக்கிறதோ?

மறுமொழி:
ஐயா, பொறி எண்டாப் பிள்ளையளுக்கு இயந்திரம், பொறியியல் பீடம், எலிப்பொறிதான். வென் வரிப்படத்திலை "நிழற்றுக" எண்டு சாதாரண தரத்திலையே படிச்சு வருகுதுகள், நிழற்றல் எண்டு போட்டா ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு விளங்காத தூய தமிழாலை என்ன பலன்?

மறுமொழி:
நிழற்றல் சரிவராது அக்கா. உள்நிறம் வேறை, ஹட்ச் வேறை, ஒரே சலாகைக்கு ரெண்டையும் சேர்த்துப் போடலாம். விளிம்புக்கு வெள்ளை நிறம் குடுத்தா ஹட்ச் கோடும் வெள்ளையாகிப் போகும், பிறகு வெள்ளைச் சலாகையிலை ஒண்டுமே தெரியாது. இந்த இடத்திலைதான் பிள்ளையள் தடுமாறுறது, ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டா இன்னும் குழம்புங்கள். எங்கடை கணிதப் புத்தகத்திலை "எண் கோலங்கள்" ஏற்கனவே இருக்குத்தானே, "கோலநிரப்பு" எண்டு போடுவமோ? புள்ளியும் அடங்கும், கோடும் அடங்கும்.

மறுமொழி:
கோலநிரப்புக்கு நானும் சரி, இனி இழுக்கேலாது. பின்சாய்கோட்டை ( \ ) பைதனிலை ரெண்டு தரம் அடிச்சாத்தான் ஒண்டாக எடுக்கும் எண்டதையும் மறக்காமல் போடுங்கோ.

மறுமொழி:
பெரும்பான்மை அப்பிடியெண்டா அச்சிடுங்கோ. ஆனா கோலம் எல்லா வடிவத்துக்கும் பொதுச்சொல், நாளைக்கு வேறை நிரப்பல் ஒண்டு வந்தா அதுக்கு என்ன பேர் வைப்பியள்? எனக்குப் பொறிநிரப்புத்தான், சொல்லடைவிலையாவது பக்கத்திலை போட்டு விடுங்கோ.