காந்தி சிலையைக் கிளிக் செய்தால் புள்ளி கடலில் விழுகிறது

புதுவைப் பையன்:
வெப் பக்கத்தில் புதுச்சேரி வரைபடத்தை ஒரு டிவ்வுக்குள் (பக்கத்தில் ஒரு பெட்டி மாதிரி) படமாக வைத்து, எங்கே கிளிக் செய்தாலும் அங்கே சிவப்புப் புள்ளி வருகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். கிளிக் பட்ட இடத்துக்கு பிரவுசர் தரும் கிடைத்தூரம், நெடுந்தூரமான கிளையன்ட்எக்ஸ், கிளையன்ட்ஒய் இரண்டையும் அப்படியே புள்ளியின் லெஃப்ட், டாப்பில் போடுகிறேன். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தொட்டால் புள்ளி வங்கக் கடலில் போய் உட்காருகிறது. பக்கத்தை ஸ்க்ரோல் செய்துவிட்டுத் தொட்டாலோ வடக்கே முத்தியால்பேட்டை பக்கம் ஏறிவிடுகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது சொல்லுங்களேன்.

கடலூர் ஓ.டி.:
தம்பி, இடப்பக்கம் மெனு வைத்திருக்கிறீர்களா? கிளையன்ட்எக்ஸ் பிரவுசர் ஜன்னலின் ஓரத்திலிருந்து எண்ணுவது, படத்தின் ஓரத்திலிருந்து அல்ல. மெனு 220 பிக்சல் என்றால் புள்ளியும் 220 பிக்சல் கிழக்கே தள்ளித்தான் விழும், உங்கள் ஊரில் கிழக்கே கடல்தானே! பக்கம் ஸ்க்ரோல் ஆனதும் அதற்குத் தெரியாது. கிளிக் பட்ட பொருளின் ஓரத்திலிருந்தே எண்ணும் ஆஃப்செட்எக்ஸ், ஆஃப்செட்ஒய் போட்டுப் பாருங்கள்.

புதுவைப் பையன்:
சரியாகிவிட்டது அண்ணே. ஆனால் ஏற்கெனவே வைத்த புள்ளி மேலேயே கிளிக் பட்டால் புதுப் புள்ளி படத்தின் இடது மேல் மூலைக்கு ஓடிவிடுகிறது. பிரவுசரின் கன்சோலில் ஆஃப்செட்எக்ஸ், ஆஃப்செட்ஒய் 4, 6 என்று வருகிறது.

டீக்கடை பெஞ்சு:
அந்த 4, 6 பழைய புள்ளிக்குள் அளந்த தூரம். கிளிக் எந்த எலிமென்ட் மேல் பட்டதோ அதன் ஓரத்திலிருந்துதான் ஆஃப்செட்எக்ஸ் எண்ணும். புள்ளிக்கு சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை அமைக்கும் இடம்) பாயின்டர் ஈவன்ட்ஸை ‘none’ என்று வைத்தால் கிளிக் கீழே இருக்கும் படத்துக்கே போய்விடும், ஆனால் நாளைக்குப் புள்ளியைத் தொட்டால் கடைப் பெயர் வரவேண்டும் என்பீர்கள், அப்போது மாட்டிக்கொள்வீர்கள். ஒரு பொருள் ஜன்னலில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று சொல்லும் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்டைத்தான் (சுருக்கமாக ரெக்ட்) நான் நம்புவேன். ஒவ்வொரு கிளிக்கின்போதும் டிவ்விடம் அதைக் கேட்டு, கிளையன்ட்எக்ஸிலிருந்து அதன் லெஃப்டையும் கிளையன்ட்ஒய்யிலிருந்து டாப்பையும் கழியுங்கள். முன்கூட்டியே ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் ஸ்க்ரோல் ஆனதும் பழைய கதைதான்.

அப்புறம், பிக்சலாகச் சேமிக்காதீர்கள். கிளையன்ட்எக்ஸ் 640, டிவ்வின் லெஃப்ட் 220 என்றால், 640-ல் 220 போனால் 420, டிவ்வின் அகலம் 840 என்றால் வகுத்து வருவது 0.5. அதைச் சேமித்து லெஃப்ட் 50% என்று போட்டால், போனில் படம் 360 பிக்சலாகச் சுருங்கினாலும் புள்ளி அதே தெருவில் நிற்கும்.

புதுவைப் பையன்:
போனிலும் பார்த்துவிட்டேன், காந்தி கரையேறிவிட்டார்! 5 பிக்சல் மட்டும் தள்ளியே நின்றது, தேடிப் பார்த்தால் டிவ்வுக்கு அழகுக்காகப் போட்ட பார்டர், ரெக்ட் அதையும் சேர்த்து அளக்கிறது. பார்டரைத் தூக்கிவிட்டேன்.